ஓரத்து எழுத்து

"ஆமாப்பா, ஓரத்துல நான் கொஞ்சம் மங்கல்தான். இல்லேன்னு சொன்னேனா?" பழைய ஜூம் லென்ஸ் அலட்டிக்காம சொல்லுச்சு.

கல்யாண மண்டபத்துல, போட்டோகிராபர் சாமிக்கண்ணுவோட பையில அது கிடந்துச்சு. பக்கத்துலயே, கேமராவுல மாட்டினபடி புது ஜூம் லென்ஸ். பழசை விலைக்குக் கேட்டு சாயங்காலம் ஆள் வர்றதா பேச்சு.

"நேத்து சுவத்துல நியூஸ் பேப்பரை ஒட்டி ரெண்டு பேரையும் சோதிச்சாரே, மூலையில இருந்த வாடகை விளம்பரத்துல போன் நம்பரைக்கூட நான் படிச்சேன். நீங்க தலைப்புச் செய்தியோட சரி," புதுசு பீத்திக்கிச்சு.

"அப்ப கேமரா எது மேல இருந்துச்சு, தம்பி?"

"ஸ்டாண்டு மேல."

"இன்னிக்கு?"

"அவர் கையில."

"அந்தக் கை ஆடும். எட்டு வருஷமா பார்க்கிறேன். அது இந்தப் பக்கம் ஆடினா, நான் உள்ளுக்குள்ள அந்தப் பக்கம் ஆடிச் சரி பண்ணிடுவேன். உனக்கு அந்த வேலை தெரியாது."

புதுசு சிரிச்சுது. "இதையெல்லாம் சாயங்காலம் வர்றவர்கிட்ட சொல்லுங்க."

சாமிக்கண்ணு வந்து கேமராவை எடுத்து, காலையில புதுசை மாட்டிப் புடிச்ச நலங்குப் படங்களைப் பார்த்தார். எல்லாத்துலயும் பொண்ணுக்கு ரெண்டு மூக்கு. அவசர அவசரமா புதுசைக் கழட்டிப் பையில போட்டார்.

"வாடா பழையவனே, தாலி கட்டப் போறாங்க!"

"வந்துட்டேன்"னு பழசு கிளம்புச்சு. "சாயங்காலம் ஆள் வந்தா, அந்தப் போன் நம்பரைப் படிச்சுக் காட்டு, தம்பி."