களிமண் வளையம்

துடைக்கிற துணி எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாலித்தீன் உறைக்குள் சிவப்புக் களிமண் வளையம் இருந்தது. பிள்ளைகள் பொம்மை பிடிக்கும் எண்ணெய்க் களிமண்.

உறை பிரிக்கப்படவே இல்லை.

பட்டறைக்கு வெளியே தம்பி பந்தய வண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"மெஷின் சரியாத்தாங்ண்ணா காட்டுச்சு. என் கைதான் தப்புப் பண்ணிருச்சு."

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் காற்று போகும் வழியை அவன் குடைந்து அகலமாக்குவான். எவ்வளவு காற்று போகிறது என்று அவள் மெஷினில் அளந்து சொல்வாள். அளப்பதற்கு முன்னால் வழியின் வாயில் அந்த வளையத்தை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் காற்று கூர்விளிம்பில் முட்டித் திணறும், அளவு குறைவாகக் காட்டும்.

நேற்று ஒட்டவில்லை. எத்தனையோ வருட வேலை, கை தானாகச் செய்திருக்கும் என்று இருந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் எடுடா," என்றாள் நேற்று.

"இதுக்கு மேல எடுத்தா சுவர் தாங்காதுக்கா."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

அவன் எடுத்தான். அக்கா சொன்னால் எடுப்பான். அலுமினியச் சுவரில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வண்டிக்காரரிடம் இருந்தது இந்த ஒரே ஹெட்.

அதில் வழிகள் இரண்டு. இரண்டாவது, தம்பி முதலில் குடைந்தபடியே இருந்தது. நேற்று அதுவும் குறைவாகத்தான் காட்டியிருந்தது.

உறையைப் பிரித்தாள். வளையத்தை அதன் வாயில் வைத்து அழுத்தினாள். மெஷினை ஓடவிட்டாள்.

மோட்டார் இரைந்தது.

அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் நீர் ஏறியது. வேண்டிய கோட்டைத் தொட்டது. தாண்டியும் போனது.

அவன் முதலிலேயே சரியாகத்தான் செய்திருக்கிறான்.

மெஷின்மேல் பழி போடவும் வழியில்லை, அதற்கு வளையம் ஒட்டத் தெரியாது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் போனை வைப்பதற்குள் சொல்லிவிடலாம்.

"இனிமே இந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கங்ண்ணா. எனக்கு வேண்டாம்."

சுவிட்சை அணைத்தாள். நீர் சரசரவென்று இறங்கியது. வளையத்தைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் திணித்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

தம்பி உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது.

"அந்தப் பக்கம் எவ்வளவுக்கா?"

"அதுவும் கம்மிதான்டா."

அவன் கண்ணாடிக் குழாயைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்தான்.

அவள் தொட்டிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு உள்ளங்கைக்கும் பரவியது.

பின்னால் வந்து நின்றவன், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நீட்டினான்.

"தண்ணில போகாதுக்கா."