வரிசையில் கடைசி

“டக்... டக்... டக்.”

ஹார்ட் டிஸ்க் மறுபடி அதே இடத்தில் முட்டிக்கொண்டது.

“இன்னொரு தடவை சார், ப்ளீஸ்!”

பழுதான டிஸ்க்குகளிலிருந்து பதிவுகளை மீட்டுத் தரும் என் கடையில், மேஜை விளிம்பைப் பிடித்தபடி எதிரே நின்றாள் அந்தப் பெண். நின்றாள் என்பது பேச்சுக்குத்தான். கால் தரையில் பாவவில்லை.

கிடங்கில் கிரேன் கொக்கி நழுவி, இரும்புச் சுருள் ஒருவர் காலை நசுக்கிவிட்டது. பழி, கிரேன் ஓட்டும் அவள் அப்பா மேல். கேட்டால் அவரும் ‘ஆமாம்’ என்கிறார். அதிர்ச்சியில் உளறுகிறார் என்பது அவள் கட்சி.

நாளை விசாரணை. வேலை போகும், கேஸ் வரும். கிரேன் கூண்டுக் காமிராவின் இந்த டிஸ்க்தான் ஒரே சாட்சி.

கொண்டுவந்தவர் அவள் வீட்டுக்காரர். அதே கிடங்கில் சூப்பர்வைசர். கழற்றும்போது கை தவறிக் கீழே போட்டுவிட்டாராம். இருப்புக் கொள்ளாமல் வெளியே சிகரெட்டும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்.

டிஸ்க்கைப் படிக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர். சாதாரண டிரைவர் என்றால், படிக்க முடியாத இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டே கிடக்கும். பின்னால் வரிசையில் நிற்கும் ‘இதைப் படி’ கோரிக்கைகள் எல்லாம் காத்துக் கிடக்கும்.

நான் எழுதிய டிரைவர் வேறு ஜாதி. எரர் வந்த கோரிக்கையை வரிசையின் வாலுக்கு அனுப்பிவிட்டு, மற்றதை முதலில் முடிக்கும்.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று.

விபத்து நடந்த நொடி.

“போதும்மா,” என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா. “செத்த பாம்பை எத்தனை வாட்டி அடிப்பீங்க?”

“சும்மா இருங்கப்பா!”

டிஸ்க்கை ஆறவிட்டு, கடைசியாக ஒருமுறை ஓடவிட்டேன்.

டக். டக்.

சத்தம் நின்றது.

திரை என் பக்கம் மட்டும். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கூண்டில் அப்பா இல்லை. லீவரில் ஒரு கை, காதில் செல்போன், சிரித்த முகம்.

என் மேஜையில் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போன அதே முகம்.

நிமிர்ந்தேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையை இடவலமாக அசைத்தார். பார்வை மகள் மேல் போய் நின்றது.

படித்ததைப் படிக்கவில்லை என்று என் டிரைவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“எரர்ம்மா,” என்றேன். “போயிடுச்சு.”

அவள் முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

“அவர்கிட்ட எப்படி சார் சொல்லுவேன்? எங்களைவிட அவர்தான் காலைலேருந்து துடிச்சிட்டிருக்கார்.”