நிச்சயமா?

"உங்க கருவி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மேடம்? ஒரே ஒரு வார்த்தை!"

லிவியுவின் குரல் உடைந்தது. ருமேனியாவின் திமிஷோவாரா நகரில், அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் கூடியிருந்த அரங்கில் சலசலப்பு சட்டென்று அடங்கியது.

அவன் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கிடங்காக்கி ஆள்கிற 'ஸ்தூப்' என்ற கருவிதான் அங்கே ஓடியது. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழுதான டிஸ்க்கை அழித்துக் கழற்றப் போனவன், அவசரத்தில் நல்ல டிஸ்க்கின் பெயரைத் தட்டிவிட்டான். கிடங்கு மொத்தமும் போயிற்று. நகலும் அதற்குள்ளேயேதான் இருந்தது.

போனது பாட்டல்ல. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஊரைவிட்டுப் பரகான் சமவெளிக்குத் துரத்தப்பட்டுத் திரும்பியவர்களின் குரல்கள். பேசியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

பக்கத்தில் நிலைய இயக்குநர் கோர்னியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம். இவனை வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் ஸ்மராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தூப்பை எழுதியவள். 'முதல்ல கையேட்டைப் படிச்சுட்டு வாங்க' என்று எவரையும் வாயடைத்துவிடுகிறவள். லிவியு தொலைந்தான் என்றே நினைத்தார்கள்.

அவள் எழுந்தாள்.

"கேக்கலை. தப்பு என்னோடது. இவரோடது இல்ல."

அரங்கம் அதிர்ந்துபோயிற்று. லிவியுவுக்கே நம்ப முடியவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

கோர்னியா கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு அவன் தோளைத் தட்டினார். "எழுந்திரு. பேசினவங்க வீடு வீடாப் போவோம். யாராவது பதிஞ்சு வெச்சிருக்கலாம்."

நடைக்கூடத்தில் ஸ்மராந்தாவை மடக்கினான் ஹோரியா. அவளோடு சேர்ந்து கருவியை எழுதுகிறவன்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் தட்டின கட்டளையைக் காலையில நாம ரெண்டு பேரும்தானே பார்த்தோம்? கடைசியில 'ஃபோர்ஸ்'னு சேர்த்திருக்கான். கேக்காதே, செய்யுன்னு அவனே சொல்லிட்டா, கருவி எங்கேர்ந்து கேக்கும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அவன் வேலையைக் காப்பாத்த ஊரைக் கூட்டிப் பொய் சொன்னே! நம்ம பேரு என்ன ஆகும்?"

"நான் பொய் சொல்லலை."

"பின்னே?"

"டிஸ்க்குக்குப் பேரு மாத்தினா 'நிச்சயமா?'ன்னு கேக்க வெச்சேன். புது டிஸ்க் சேர்த்தா 'நிச்சயமா?' சும்மா ஒரு சோதனை ஓட்டினாக்கூட 'நிச்சயமா?' எல்லாத்தையும் அழிக்கும்போதும் அதே எழுத்து, அதே கேள்வி. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் படிப்பான்? தொல்லை தாங்காம 'ஃபோர்ஸ்' போட்டே கை பழகிப்போச்சு. பழக்கினது நான்தான், ஹோரியா."

"சாக்கு சொல்லாதே. படிக்கறது அவன் கடமை. டிஸ்க்கைத் தொடறவனுக்குக் கண்ணு வேணாமா? நானா இருந்தா நின்னு, நிதானமா..."

"இன்னிக்கு மேடையில நீ புது டிஸ்க் சேர்த்துக் காட்டினியே."

"ஆமா. அதுக்கென்ன?"

"கடைசியா என்ன வார்த்தை தட்டினே?"

ஹோரியாவின் முகம் வெளிறியது.

'ஃபோர்ஸ்.' பேசிக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல் தட்டியிருந்தான். அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை.