அணை ஒரு மணி நேரம் நிற்கட்டும்

ஈப்போ மின்வாரியத் தலைமையகத்திலிருந்து ஸ்கந்தராஜா போனில் எகிறினார்.

“அணை முட்டத் தண்ணி கிடக்கு! சும்மா கிடைக்கிற தண்ணிய விட்டுட்டு, நிலக்கரிய ஏன் எரிக்கச் சொல்றீங்க?”

“ஒரு மணி நேரம்தான், பாஸ். அனல் நிலையமே தாங்கும்,” என்றாள் அணை மின்நிலையப் பொறியாளர் மாதுமை.

“டர்பைன் கெட்டுப்போச்சா?”

“இல்ல. கீழ ஆத்துல அஸ்தி கரைக்க வந்திருக்காங்க. டர்பைனை ஓடவிட்டா தண்ணி ஏறிடும்.”

அவர் குரல் தணிந்தது. “உங்க சொந்தமா?”

“யாருன்னே தெரியாது.”

“அப்புறம் ஏன்லா இவ்வளவு பிடிவாதம்?”

மாதுமை ஜன்னல் வழியே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து நான் திறந்துவிட்ட தண்ணியில, அஸ்திச் சட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கரையேறி ஓடுனவங்க, பாஸ். இன்னைக்குத் திரும்ப வந்திருக்காங்க.”