மூடிய கை

சந்தைத் திடலில் நின்ற கற்சிலைப் பெண்ணின் வலது கை இறுக மூடியிருந்தது. உள்ளே இருப்பது தங்கள் சாமியிடம் திருடிய கண் என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். தங்களுக்கு வைத்த சூனியம் என்றார்கள் கீழத்தெருக்காரர்கள். செதுக்கியவளோ கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துவிட்டுப் போனாள். கடைசியில் இரண்டு தெருவும் ஒன்றுகூடிச் சிலையை உடைத்தன. சம்மட்டி பிடித்த கொளஞ்சிக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம். அந்தக் கையைக் கடைசிக்கு வைத்திருந்தான். ஓங்கி அடித்ததும் விரல்கள் தெறித்தன. குனிந்து துழாவினான். கல்லுக்குள் கல்தான் இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா,” என்று நிமிர்ந்தான்.

யாரும் நகரவில்லை.

“அப்புறம் எதுக்குக் கையை மூடி வச்சிருக்க? தொற, பாப்போம்,” என்றார் ஒருவர்.

கொளஞ்சி தன் கையைப் பார்த்தான். அது இறுக மூடியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது.