புது ஃபீல்டு

நோவி சாத் நகர அலுவலகத்தில் வெல்கோவின் பைத்தான் புரோகிராம் ஊழியர் விவரங்களைப் பைனரியாக அனுப்பும். யாஸ்னாவின் ஜாவா புரோகிராம் அதைப் படித்து வாசல் கதவைத் திறந்துவிடும்.

“ஊழியர் விவரத்துல புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்திருக்கேன். உன் புரோகிராம் படுத்துடுமா?” என்றான் வெல்கோ.

“படுக்காதுடா. தெரியாத ஃபீல்டு வந்தா சத்தமில்லாம தாண்டிப் போயிடும். அந்த விதியே நான் போட்டதுதான்!” அவன் வாங்கிவந்த, இறைச்சி அடைத்த புரெக் பலகாரத்தைக் கடித்தாள் யாஸ்னா.

ஒரு மாதம் கழித்து, வேலையில்லாத ஒரு மதியத்தில், அந்த ஃபீல்டையும் படிக்கும்படி புரோகிராமை மாற்றினாள். அதன் பெயர் ‘கடைசி வேலை நாள்’. எல்லோருக்கும் காலியாக இருந்தது. அவள் பெயருக்கு நேராக மட்டும் இன்றைய தேதி.

“தினமும் புரெக் வாங்கிக் குடுத்தியே வெல்கோ, ஒரு வார்த்தை சொன்னியா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்கே அனுப்பிட்டேனே யாஸ்னா. நீதான் தாண்டிப் போயிட்ட.”