இன்னும் நூறு அடி

ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் வெண்புழுதிதான் பறந்தது. கையிலிருந்த பணம் தீர்ந்துபோக, இன்னும் நூறு அடிக்கு வழி தேடிய சென்னியப்பன் கறவை மாட்டை விற்கத் தரகரை வரவழைத்துவிட்டான். தரகர் கயிற்றை அவிழ்த்தபோது மனைவி ருக்குமணி குறுக்கே வந்து நின்றாள். துளைக்குள் அடுத்த குழாய் இறங்கியதும் தண்ணீர் பீறிடும் என்று ஒவ்வொரு குழாய்க்கும் நம்பியவள்தான் அவளும்.

"இத்தன ஆழம் போட்டுட்டு இப்ப நிறுத்துனா அத்தனையும் வீணாப் போயிரும் புள்ள," என்றான் சென்னியப்பன்.

"அது போயாச்சுங்க. மாடு இன்னும் போகல."

துளை போடும் லாரிக்காரர் இடையில் புகுந்தார். "பக்கத்துத் தோட்டத்துல கடைசி நூறடியிலதான் தண்ணி வந்துச்சுங்க அம்மிணி."

"வந்த கதையத்தான் எல்லாருஞ் சொல்றாங்க. வராத கதைய ஆருங்க சொல்றாங்க?"

சென்னியப்பன் குழியையும் மாட்டையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, போதும் என்று லாரிக்காரருக்குக் கையைக் காட்டினான். எந்திரத்தின் இரைச்சல் அடங்கியதும் மாடு மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. ருக்குமணி தரகர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். வரப்பில் கூடியிருந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் பார்த்தார்கள். அவளோ, தலைமுதல் பாதம்வரை புழுதி அப்பியிருக்க, தண்ணீர் பொங்கிய தோட்டத்துக்காரிபோல் அவர்கள் நடுவே மாட்டை நடத்திக்கொண்டு போனாள்.